மூட்டைக் கணக்கும் நாள் கணக்கும்

பெங்களூரு எதைக் கொண்டு வளர்ந்தது என்பதை அறிய இந்தச் சந்தாபுரா சந்திப்பில் நின்று ஓசூர் சாலையின் இரு பக்கமும் பார்த்தாலே போதும். எலக்ட்ரானிக் சிட்டிக்குச் செல்லும் மேம்பாலச் சாலை, பொம்மசந்திராவின் தொழிற்பேட்டை, ஆனேக்கல் சாலையில் வரிசையாக எழுந்த அடுக்குமாடிகள் எல்லாம் கான்கிரீட். 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோவின் மஞ்சள் தடமும் ஆர்.வி. சாலையிலிருந்து பக்கத்து ஊரான பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டருக்குச் சற்று மேலாகக் கான்கிரீட் தூண்களின் மீதுதான் ஓடுகிறது. இவ்வளவு கட்டிய பிறகும், வீடு கட்டுபவர் மேஸ்திரியிடம் கேட்கும் முதல் கேள்வி மாறவில்லை: எத்தனை மூட்டை போடுவீர்கள்? மூட்டை கூடினால் உறுதி கூடும் என்பது நம்மிடையே ஆழ வேரூன்றிய நம்பிக்கை. அது முழுப் பொய்யல்ல, ஆனால் வெகு சீக்கிரம் பொய்யாகிவிடும் பாதி உண்மை. ஓர் எல்லையைத் தாண்டிய பின் கான்கிரீட்டின் உறுதியைத் தீர்மானிப்பவை அதற்குள் எஞ்சும் துளைகளும், அது முதிர்வதற்கு நாம் தரும் நாட்களும்தான். அனல்மின் நிலையத்தின் சாம்பலும் இரும்பாலையின் கசடும் அந்தத் துளைகளை அடைக்க வல்லவை. பதிலுக்கு அவை கேட்பது நாட்களை. அந்த நாட்களைக் கொடுக்கவே முடியாத இடங்களுக்குத்தான் நானோ துகள் தேவைப்படுகிறது. இந்த வரிசையை மாற்றிவிட்டால், அதாவது நாட்களைக் கொடுக்க மறுத்துவிட்டு நானோ துகளிடம் அற்புதத்தை எதிர்பார்த்தால், பணமும் போகும், கட்டடமும் நிற்காது. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

முதலில் சிமென்ட் எப்படி இறுகுகிறது என்று பார்ப்போம். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுட்டால் கிடைப்பது கிளிங்கர். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமென்ட். தண்ணீர் பட்டதும் இரண்டு பொருள்கள் பிறக்கின்றன. ஒன்று, கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்னும் பசை. மணலையும் ஜல்லியையும் பிடித்து வைத்திருப்பது அதுவே, கான்கிரீட்டின் உறுதி என்று நாம் சொல்வதெல்லாம் அதன் உறுதிதான். மற்றொன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, நாம் அறிந்த நீற்றிய சுண்ணாம்பு. இறுகிய சிமென்டில் இது ஏறத்தாழ கால் பங்கு வரை இருக்கும். உறுதிக்கு இதனால் பெரிய பயன் இல்லை. தண்ணீரில் கரையும், ஜல்லியைச் சுற்றி அடுக்கடுக்காகப் படிந்து அந்த இடத்தைப் பலவீனமாக்கும். இங்கேதான் சாம்பல் உள்ளே வருகிறது. சாம்பலில் உள்ள கண்ணாடித் தன்மை கொண்ட சிலிக்கா இந்தச் சுண்ணாம்போடு மெல்ல வினைபுரிந்து அதே பசையை மறுபடி உருவாக்குகிறது. பயனற்றுக் கிடந்த சுண்ணாம்பு பசையாகிறது, அது கிடந்த துளை அடைபடுகிறது. தண்ணீரின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிமென்ட் தன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தண்ணீரைத்தான் வினைக்கு எடுத்துக்கொள்கிறது. கலவை இளகி ஓடுவதற்காக நாம் ஊற்றும் மிச்சத் தண்ணீர் பின்னால் காய்ந்து, தான் இருந்த இடத்தைத் துளையாக விட்டுச் செல்கிறது. மூட்டையைக் கூட்டினால் தண்ணீரும் கூடும், இறுகும்போது எழும் வெப்பமும் கூடும், சுருக்கமும் கூடும், கடைசியில் வெடிப்பு வரும். சாம்பலின் மணிகளோ உருண்டை வடிவானவை. கலவை எளிதில் புரண்டோட உதவுவதால் தண்ணீரின் தேவை குறைகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெங்களூருவோடும் தமிழோடும் ஒருசேரத் தொடர்புள்ள சாட்சி ஒன்று பசிபிக் கடலின் நடுவே நிற்கிறது. ஹவாயின் காவாய்த் தீவில் சிவாய சுப்பிரமுனியசுவாமி நிறுவிய ஆதீனம் இறைவன் கோயிலை எழுப்ப முனைந்தபோது, அதன் கருங்கற்கள் 1990 முதல் பெங்களூருக்கு அருகே சிற்பிகளின் உளியால் கையாலேயே செதுக்கப்பட்டுக் கப்பலேறின. சோழர் பாணியில் அதை வடிவமைத்தவர் வை. கணபதி ஸ்தபதி. குடமுழுக்கு 2023இல் நடந்தது. கற்களின் கதை பலருக்கும் தெரியும். அந்தக் கற்களைத் தாங்கும் அடித்தளத்தின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கோயில் ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்பது ஆதீனத்தின் நிபந்தனை. இன்று நாம் கட்டும் கட்டடங்களுக்கு ஐம்பது அறுபது ஆண்டு ஆயுள் என்று கணக்கிடுவதே வழக்கம். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியரும் இந்தியாவில் பிறந்தவருமான பி. குமார் மேத்தா இதற்குக் கொடுத்த விடை, இன்றைய மூட்டைக் கணக்குக்கு நேர் எதிரானது. 1999இல் போடப்பட்ட அந்தத் தளம் 36 மீட்டர் நீளம், 17 மீட்டர் அகலம் கொண்டது. ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் இரண்டு அடுக்குகள். ஒரு கன மீட்டர் கலவையில் சிமென்ட் 106 கிலோ, நிலக்கரிச் சாம்பல் 142 கிலோ. அதாவது பிணைக்கும் பொருளில் பாதிக்கு மேல், 57 சதவீதம், சாம்பல். கம்பி அறவே இல்லை. ஆயிரம் ஆண்டுக் கணக்கில் கம்பி என்பது துருப்பிடித்து உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும் பொருள் என்பதால் அதை விலக்கினார்கள். உறுதியை வழக்கமான 28ஆம் நாளில் கேட்காமல் 90ஆம் நாளில் கேட்டார்கள். சிமென்ட் குறைவாக இருந்ததால் வெப்பம் குறைந்தது, வெப்பம் குறைந்ததால் அத்தனை பெரிய தளம் வெடிப்பின்றி இறுகியது. சீக்கிரம் உறுதியடையும் கான்கிரீட் சீக்கிரம் வெடிக்கும், வெடிப்பின் வழியே தண்ணீர் நுழைந்த பின் அது சோதனையில் காட்டிய உறுதியால் பயனில்லை என்பது மேத்தா வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய கருத்து.

கர்நாடகத்துக்கும் தமிழகத்துக்கும் இந்த அறிவு புதிதும் அல்ல. 1895இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையும், 1911இல் தொடங்கி 1930களின் தொடக்கத்தில் முடிந்த கிருஷ்ணராஜ சாகர் அணையும் சுண்ணாம்போடு சுர்க்கி கலந்த சாந்தால் எழுந்தவை. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் பொடி. சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, தண்ணீருக்கு அடியிலும் இறுகும் பசையை உண்டாக்குகின்றன. சாம்பல் செய்யும் வேலையும் இதுவே. சிமென்ட் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பொறுமையை நாம் கைவிட்டோம். சோன் ஆற்றுப் பகுதியின் ரிஹந்த் அணையில் நிலக்கரிச் சாம்பலைக் கலந்து இந்தியா மறுபடி அந்த வழிக்குத் திரும்பியது. அங்கிருந்து நம் வீட்டு மாடித் தளம் வரை அது வந்து சேர நாற்பது ஆண்டுகள் ஆயின.

சாம்பலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. நாட்டின் அனல்மின் நிலையங்கள் ஆண்டுக்கு 25 கோடி டன்னுக்கு மேல் சாம்பலைக் கொட்டுகின்றன. நமக்கு அருகிலேயே ராய்ச்சூரும் பள்ளாரியும் இருக்கின்றன, தமிழகப் பக்கம் மேட்டூரும் எண்ணூரும் இருக்கின்றன. பள்ளாரி மாவட்டத்தின் தோரணகல்லில் உள்ள பெரிய இரும்பாலை ஊதுலைக் கசடைத் தருகிறது. கசடின் கதை சற்று வேறு. உலையிலிருந்து உருகி வரும் கசடைத் தண்ணீரில் சட்டென்று குளிர்வித்தால் அது கண்ணாடித் தன்மை கொண்ட மணலாகிறது, அதை நுண்ணிதாக அரைத்தால் சிமென்டோடு சேர்ந்து தானும் இறுகும் ஆற்றல் பெறுகிறது. மெல்ல ஆறவிட்டாலோ வெறும் கல்லாகிவிடும், ஜல்லிக்குத்தான் உதவும். இந்த வேறுபாட்டை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் எல்லாத் தூளும் சிமென்டுக்கு மாற்றாகிவிடாது. நமக்குப் பக்கத்து ஜிகணியில் கிரானைட் அறுக்கும் ஆலைகளிலிருந்து சேறாக வெளியேறும் கல்தூளை எடுத்துக்கொள்வோம். அதுவும் சிலிக்காதான், ஆனால் படிக உருவில் இருப்பது. சுண்ணாம்போடு வினைபுரிய அதற்கு விருப்பமில்லை. மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாக அதைப் போடலாம், இடைவெளிகளை நிரப்பும். சிமென்டைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் அதைப் போட்டால் உறுதி நிச்சயம் குறையும்.

பயன்படாமல் போனால் இவை எங்கே போகின்றன என்பதையும் பேசியாக வேண்டும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்த சாம்பல், அங்கே மீன்பிடித்தும் இறால் தடவியும் வாழ்ந்தவர்களின் பிழைப்பைக் கெடுத்தது. நம் சந்தாபுரா ஏரியின் நிலை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஏரிக்கு நேர்ந்த கேட்டுக்காக 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த ஏரியில் சேர்ந்தது வேறு கழிவுதான், சாம்பல் அல்ல. ஆனால் உற்பத்தி செய்த இடத்திலேயே வழி தேடப்படாத எந்தக் கழிவும் கடைசியில் தண்ணீரைத்தான் தேடிப் போகும். 1999இல் சாம்பல் பயன்பாட்டை வலியுறுத்தி வந்த மத்திய அரசின் அறிவிக்கையும், 2021 டிசம்பர் 31இல் மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியோடு வந்த புதிய அறிவிக்கையும் இதைக் கருதியே எழுதப்பட்டவை. இன்னொரு பக்கம், ஒரு டன் கிளிங்கர் செய்தால் முக்கால் டன்னுக்கு மேல் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, சுண்ணாம்புக்கல்லே உடைந்து வெளிவிடுவது. ஆகவே சூளையை எவ்வளவு சிக்கனமாக எரித்தாலும் அந்தப் பகுதியைக் குறைக்க முடியாது. கிளிங்கரைக் குறைப்பதுதான் வழி.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். கொத்தனார்களும் மேஸ்திரிகளும் சொல்வது ஒன்று உண்டு: சாம்பல் கலந்த சிமென்ட் கலப்படச் சிமென்ட், பழைய சிமென்டுக்கு இருந்த பிடிப்பு இதற்கு இல்லை. இந்தச் சந்தேகத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அனுபவத்திலிருந்து பிறந்தது அது. ஆனால் ஆலையில் அளந்து அரைத்துக் கலப்பது வேறு, கட்டுமிடத்தில் யாரோ மூட்டையைப் பிரித்துக் கொட்டுவது வேறு. ஐஎஸ் 1489 தரவிதிப்படி பொசலானா சிமென்டில், அதாவது சாம்பல் கலந்த சிமென்டில், சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம். கசடு சிமென்டுக்கான ஐஎஸ் 455, கசடை 70 சதவீதம் வரை அனுமதிக்கிறது. பொசலானா சிமென்ட் 28ஆம் நாளில் 33 மெகாபாஸ்கல் உறுதியையாவது காட்டியாக வேண்டும். பிடிப்பில்லை என்று கொத்தனார் சொல்வது மூன்றாம் நாள், ஏழாம் நாள் நிலவரத்தை. அதில் அவர் கண்டது சரி. சாம்பலின் வினை அப்போதுதான் தொடங்கியிருக்கும், தொண்ணூறாம் நாளில் அதே கலவை சாதாரண சிமென்டை எட்டிப் பிடித்துத் தாண்டியும் போகும். குறை நம் கால அட்டவணையில் இருக்கிறது. ஐஎஸ் 456 சாதாரண சிமென்டுக்கு ஏழு நாள் க்யூரிங், அதாவது ஈரம் காத்து முதிரவிடுதல், கேட்கிறது, சாம்பலோ கசடோ சேர்ந்தால் பத்து நாள், சூடும் வறட்சியும் உள்ள இடத்தில் பதினான்கு நாள் வரை நீட்டச் சொல்கிறது. நடப்பது என்ன? மூன்று நாள் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை குழாயைப் பிடித்துவிட்டு அடுத்த மாடிக்குப் போகிறார்கள். சாம்பல் கான்கிரீட்டுக்குத் தண்ணீரை மறுத்துவிட்டு அது உறுதியற்றது என்று தீர்ப்பெழுதுவது நியாயமாகாது.

தண்ணீர் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். 2024 மார்ச்சில் பெங்களூருவில் குடிநீரைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடை வந்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். ஓசூர் சாலையை ஒட்டிய இந்தப் பகுதிகளில் டேங்கர் லாரியை நம்பியே பல கட்டடங்கள் எழுகின்றன. இது உண்மையான நெருக்கடி. ஆனால் க்யூரிங்குக்குத் தேவை தண்ணீரின் அளவைவிட ஈரம் விட்டுப் போகாமல் இருப்பதே. தளத்தில் பாத்தி கட்டி நிறுத்தும் தண்ணீரும், தூணைச் சுற்றிக் கட்டிய ஈரச் சாக்கும் அதன்மேல் பாலிதீன் உறையும், குழாயில் பீய்ச்சி வழிந்தோடவிடும் தண்ணீரைவிடப் பல மடங்கு சிக்கனமானவை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இங்கே அடிக்கும் உலர்ந்த காற்றுதான் பெரிய எதிரி. ஊர் குளிர்ச்சியானது என்று நினைத்து அதை மறந்துவிடுகிறோம்.

அப்படியும் நாள் கொடுக்க முடியாத வேலைகள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மெட்ரோவின் முன்வார்ப்புத் துண்டுகளை அச்சிலிருந்து மறுநாளே எடுத்தாக வேண்டும். உயரமான கட்டடம் வாரம் ஒரு தளமாக ஏற வேண்டும். சாலையைப் பழுதுபார்த்தால் காலையில் வண்டி ஓட வேண்டும். நானோ சிலிக்காவின் இடம் இங்கே. ஒரு படியில் நெல்லிக்காயை நிரப்பினாலும் இடைவெளி இருக்கும், அதில் கடுகைக் கொட்டலாம், கடுகின் இடைவெளியில் மாவைக் கொட்டலாம். சிமென்ட் மணியின் அளவு பத்து, பதினைந்து மைக்ரான் என்றால், சிலிக்கான் உலோக ஆலைகளின் புகைபோக்கியில் சேரும் சிலிக்கா புகைத்தூள் அதில் நூறில் ஒரு பங்கு. நானோ சிலிக்கா அதைவிடவும் சிறியது, நூறு நானோமீட்டருக்குக் கீழ். ஒரு கிராம் சிமென்டின் மொத்தப் பரப்பு ஒரு சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவு. ஒரு கிராம் நானோ சிலிக்காவுக்கு இருநூறு சதுர மீட்டர் கூட இருக்கலாம். அந்தப் பரப்பின் மீது பசை உருவாகத் தொடங்குகிறது. விதை போட்ட நிலத்தில் முளைப்பது போல, வினை நடக்கப் பல்லாயிரம் இடங்கள் கிடைக்கின்றன. அதனால் முதல் சில நாட்களின் உறுதி விரைவாக ஏறுகிறது. ஆய்வுக்கூடச் சோதனைகளில் சிமென்டின் எடையில் ஒன்றிலிருந்து மூன்று சதவீதம் நானோ சிலிக்கா சேர்த்தபோது பத்து, இருபது சதவீத உறுதி கூடுவது வழக்கமாகக் காணப்படும் முடிவு. சாம்பல் மெதுவானது, நானோ சிலிக்கா வேகமானது. இரண்டையும் சேர்த்தால் முன்னதன் தாமதத்தைப் பின்னது ஈடுகட்டுகிறது. நானோ துகளுக்கு நான் கொடுக்கும் மதிப்பு இந்தக் கூட்டணிக்காகத்தான், தனித்து அது செய்யும் சாதனைக்காக அல்ல.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், ஆய்வுக்கூடத்தில் உறுதி சோதிக்க வார்க்கும் ஒரு கியூபுக்கு நடப்பது கலவை இயந்திரத்தில் ஆறு கன மீட்டருக்கு நடப்பதில்லை. நானோ துகள்கள் ஒன்றையொன்று இழுத்துத் திரளும் இயல்புடையவை. நன்றாகப் பரவாமல் கட்டிகட்டியாக நின்றால், உறுதி கூட வேண்டிய இடத்தில் பலவீனமான புள்ளிகள் தோன்றும். அளவைக் கூட்டினால் உறுதி கூடிக்கொண்டே போகாது, ஓரளவுக்குப் பிறகு இறங்கும். அவ்வளவு பரப்பும் தண்ணீரைக் குடித்துக்கொள்வதால் கலவை இறுகிப்போகும். பாலிகார்பாக்சிலேட் வகைக் கூட்டுப்பொருள் சேர்த்து அதை இளக்க வேண்டும். அந்த நேரத்தில் மேஸ்திரி ஒரு வாளி தண்ணீரைச் சேர்த்துவிட்டால் நானோ துகள் கொடுத்ததெல்லாம் ஒரு நிமிடத்தில் போய்விடும். விலையும் சாம்பலோடு ஒப்பிட முடியாத உயரத்தில் இருக்கிறது. உலர்ந்த தூளாகக் கையாள்பவரின் நுரையீரலுக்கு அது ஆபத்தானது என்பதால், தண்ணீரில் பரவிய குழம்பு வடிவில் மட்டுமே கட்டுமிடத்துக்குள் விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரோமில் 2003இல் திறக்கப்பட்ட ரிச்சர்ட் மேயரின் தேவாலயத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு சேர்ந்த வெண் சிமென்ட் பயன்பட்டது. அங்கே நோக்கம் அழுக்குப் படியாத வெண்மை, உறுதியல்ல. எந்தத் துகள் எந்த வேலைக்கு என்ற தெளிவு இல்லாமல் நானோ என்ற சொல்லை விளம்பரப் பலகையில் எழுதி விற்பவர்களிடம் கியூப் சோதனையின் அறிக்கையைக் கேளுங்கள்.

பொறியாளர்கள் எழுப்பும் மறுப்பு இதைவிடக் கனமானது. கம்பியைத் துருவிலிருந்து காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மை. சாம்பல் அந்தச் சுண்ணாம்பைத் தின்றுவிட்டால் காரம் குறையாதா? காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே புகுந்து கம்பியை எட்டாதா? குறையும், எட்டவும் கூடும். மறைக்க வேண்டியதில்லை. சாம்பல் நிறைந்து, க்யூரிங் குறைந்த கான்கிரீட்டில் இந்தக் கார்பனேற்றம் வேகமாக நடக்கிறது என்பது சோதனைகள் காட்டிய உண்மை. நன்றாக க்யூரிங் செய்ததில் துளைகள் அடைபட்டுவிடுவதால் வாயு நுழைய வழி குறைகிறது. ஊரைப் பொறுத்தும் விடை மாறும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் கம்பியைத் தின்பது கடற்காற்றின் உப்பு. அங்கே கசடு சேர்ந்த கான்கிரீட் உப்பை உள்ளே விடாமல் தடுப்பதில் சாதாரண சிமென்டைவிட மிகச் சிறந்தது. கடலிலிருந்து வெகு தொலைவில், மேட்டுநிலத்தில் இருக்கும் சந்தாபுராவில் உப்பின் கவலை குறைவு, கார்பனேற்றத்தின் கவலை அதிகம். ஆகவே இங்கே மாடித் தளத்துக்கும் வெளித் தூணுக்கும் தரவிதி அனுமதிக்கும் 35 சதவீதத்துக்குள் நிற்பதும், கம்பிக்கு வெளியே கான்கிரீட் மூடலை ஒரு சென்டிமீட்டர்கூடத் திருடாமல் விடுவதும் அறிவுடைமை. மண்ணுக்கடியில் இருக்கும் அகன்ற அடித்தளத்துக்கோ பாதி வரை சாம்பலோ கசடோ தாராளமாகப் போகலாம். அங்கே அவசரம் இல்லை. மேலே மாடிகள் ஏறி முழுப் பாரமும் வந்து சேர மாதங்கள் ஆகும், அதற்குள் அது முதிர்ந்துவிடும். ஒப்பந்தத்தில் அந்த அடித்தளத்துக்கு மட்டுமாவது 28 நாளுக்குப் பதில் 56 நாள் கியூப் உறுதி என்று எழுதிவிட்டால், மூட்டைக் கணக்கு தானாகவே இறங்கும்.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நிலக்கரி மின்சாரம் படிப்படியாகக் குறைந்தால் சாம்பல் எங்கிருந்து வரும்? நாளையே தீர்ந்துவிடாது, சாம்பல் குளங்களில் பழைய இருப்பும் கிடக்கிறது. ஆனாலும் கேள்வி நியாயமானது. அதற்கான விடை சுர்க்கியின் வழியிலேயே வந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கேரன் ஸ்கிரிவனரின் குழுவும், கியூபாவின் ஆய்வாளர்களும், ஐஐடி மெட்ராஸ், ஐஐடி டெல்லி ஆகிய நம் நிறுவனங்களும் சேர்ந்து வளர்த்த எல்சி3 சிமென்டில் கிளிங்கர் பாதிதான். சுட்ட களிமண் 30 சதவீதம், சுடாத சுண்ணாம்புக்கல் தூள் 15 சதவீதம், மீதி ஜிப்சம். களிமண்ணை 700 முதல் 850 டிகிரியில் சுட்டால் போதும், கிளிங்கருக்கு வேண்டிய வெப்பத்தில் அது ஏறத்தாழ பாதி. இதற்கு 2023இல் ஐஎஸ் 18189 என்ற தரவிதியும் வந்துவிட்டது. கயோலினைட் நாற்பது சதவீதம் இருக்கும் சாதாரணக் களிமண் போதுமானது. பீங்கானுக்குத் தேடும் உயர்ந்த மண் வேண்டியதில்லை. சாம்பலைப் போல் இது தொண்ணூறு நாள் காக்கவும் வைப்பதில்லை, ஏழாம் நாளிலேயே சாதாரண சிமென்டுக்கு இணையாக நிற்கிறது. ஆனால் கலவை சாதாரண சிமென்டைவிடப் பிசுபிசுப்பாக இருக்கும், இளக்கும் கூட்டுப்பொருள் அதிகம் வேண்டும், வாளித் தண்ணீரின் ஆசை இங்கே இன்னும் கூடும். கொத்தனார்களுக்கும் ரெடி மிக்ஸ் ஆலைகளின் ஆட்களுக்கும் அதைக் கையாளும் பயிற்சியை இப்போதே தொடங்கலாம். அதற்கு வேண்டிய தரவிதி கையில் இருக்கிறது, ஆய்வு சென்னையிலேயே நடந்திருக்கிறது.